மலை யாருடையது?

இங்கிலாந்தின் ஹேபீல்ட் கிராமத்திலிருந்து கோடைநாளொன்றிற் புறப்படுவோர், ஏரிபோல் விரிந்த நீர்த்தேக்கத்தைக் கடந்து, ஓடைக்கரை வழியே 636 மீற்றர் உயரமான கிண்டர் ஸ்கௌட் மலைமீது ஏறுகின்றனர். எவரும் தடுப்பதில்லை.

1932 ஏப்பிரல் 24இல் இவ்வழியே ஏறிய மான்செஸ்ரர் நகரத்து இளந்தொழிலாளர் நூற்றுக்கணக்கானோரைக் காவலாளர் தடியுடன் எதிர்கொண்டனர். செல்வர்கள் காட்டுக்கோழி வேட்டையாடுவதற்கென ஒதுக்கப்பட்ட மேட்டுநிலமல்லவா அது! கைகலப்பில் காவலாளர் ஒருவர் காயமுற்றார். அதனை நாம் மறைக்கவேண்டியதில்லை. கலகம், தாக்குதல் என்னும் குற்றச்சாட்டுகளில் ஐவர் இரண்டு முதல் ஆறு மாதம்வரை சிறையிடப்பட்டனர்.

மனிதர் நடந்தாற் பறவைகள் கலையும் என்றனர் நிலவுடைமையாளர். சுட்டுக் கொல்வதற்காகவே பறவையை வளர்ப்போர் அதன் அமைதிக்காக வாதாடியதை என்னென்பது!

நாம் கேட்பது இதுவே: அத்துமீறியோர் உடையவனிடமிருந்து எதனைக் கவர்ந்தனர்? ஒரு பிடி மண்ணையுமன்று. மலையை அவன் எழுப்பவில்லை; ஊற்றை அவன் தோண்டவில்லை. பிறரைப் புறத்தே நிறுத்தும் அதிகாரமொன்றையே அவன் இழந்தான். உழைப்பாளி வியர்வை சிந்திக் கட்டிய குடிசையையும் இம்மலையையும் ‘சொத்து’ என்னும் ஒரே சொல்லால் அழைப்பது நியாயமா?

2000ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய மேட்டுநிலங்களில் நடக்கும் உரிமையை அனைவர்க்கும் வழங்கிற்று. 2002இல், அங்கு நிலம் வைத்திருந்தவரின் பேரனான டெவன்சயர் கோமகன் மக்கள்முன் மன்னிப்புக் கேட்டார். முன்னின்று நடத்திச் சிறைசென்ற பெனி ரொத்மன் அவ்வாண்டு ஜனவரியிலேயே இறந்துவிட்டிருந்தார்.