பத்தினி அறமும் 1954ஆம் ஆண்டுத் தமிழ்த் திரையும்

முன்னுரை

கணவன் குற்றவாளி என்று தெளிந்த பின்னரும் அவன் பக்கம் நிற்பதுதான் கற்பா? தமிழ் அறவியல் பெரிதும் விலகிச் சென்ற வினா இது. 1954இல் வெளிவந்த தமிழ்ப் படங்கள் சில இவ்வினாவைத் தொட்டன. அவற்றுள் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ படத்தை முதன்மையாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்ணகியின் வினா

கோவலன் கொலையுண்ட செய்தி கேட்ட கண்ணகி, தன் கணவன் கள்வனா என ஞாயிற்றை நோக்கி வினவுகிறாள். அல்லன் என்ற விடை கிடைத்த பின்னரே அரசவைக்குச் செல்கிறாள். அவளது சீற்றம் வெறும் கணவன் பற்றன்று. உண்மையை உறுதி செய்துகொண்ட அறச்சீற்றம். எனில், ஞாயிறு ‘ஆம், கள்வனே’ என்றிருந்தால் கண்ணகி என் செய்திருப்பாள்? சிலப்பதிகாரத்தில் இதற்கு இடமில்லை. 1954இன் திரை இவ்விடத்திலிருந்தே தொடங்குகிறது.

ஓராண்டின் மூன்று மனைவியர்

‘கொலையும் செய்வாள் பத்தினி’ என்னும் முதுமொழியைக் கதைக்கூறாகக் கொண்டது ‘தூக்குத் தூக்கி’. அதில் கணவனின் உயிருக்கு உலை வைப்பவள் பிறனை நாடிய மனைவியே. 1946இல் வெளிவந்த அமெரிக்கப் படமான ‘தி போஸ்ட்மேன் ஆல்வேஸ் ரிங்ஸ் டுவைஸ்’ படத்திலும் மனைவி காதலனோடு சேர்ந்து கணவனைக் கொல்கிறாள். இரண்டிலும் தீமை மனைவியிடமே உள்ளது. எனவே அறச்சிக்கல் எழவில்லை.

‘ரத்தக் கண்ணீர்’ படத்தில் தீமை கணவனிடம் உள்ளது. எனினும் சந்திராவுக்கு மறுவாழ்வு அமைத்துத் தருபவன் நோயுற்று மனம் திருந்திய அக்கணவனே. தீர்ப்பு வழங்கும் உரிமை மனைவிக்குக் கிட்டவில்லை.

பாடல்களே இல்லாத ‘அந்த நாள்’ இவற்றினின்று வேறுபடுகிறது. 1943 அக்டோபரில் சென்னைமீது ஜப்பானியர் குண்டு வீசியதைப் பின்னணியாகக் கொண்ட கதை அது. வானொலிப் பொறியாளன் ராஜன் தன் ஆய்வை அரசு மதிக்கவில்லை என்னும் கசப்பால் பகைவருக்கு உளவாளியாகிறான். அதை அறிந்த மனைவி உஷா அவனைத் தடுக்க முயல்கிறாள். இறுதியில் அவள் கையிலிருந்த துப்பாக்கியாலேயே அவன் உயிரிழக்கிறான். பத்தினி என்னும் பெயருக்கு முழுத் தகுதியுடையவளே இங்குக் கணவனுக்கு எதிராக நிற்கிறாள்.

நாடு என்னும் அளவுகோல்

உஷாவின் செயலை ‘நாட்டுப்பற்று’ என்ற ஒரு சொல்லால் முடித்துவிட இயலாது. அதே 1943இல் மலாயாத் தமிழர் பலர் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து ஜப்பானியர் துணையுடன் ஆங்கிலேயரை எதிர்த்தனர். ஆகவே ஜப்பானியரோடு சேர்ந்தமை மட்டுமே ராஜனைக் குற்றவாளியாக்காது. தன் கசப்புக்கு விலையாகச் சென்னை மக்களின் உயிரைப் பணயம் வைத்தானே, அதுவே குற்றம். நாடு என்னும் சொல்லினும், குண்டுக்கு இரையாகக்கூடிய அயலார் உயிரே உஷாவின் அறத்திற்கு உறுதியான அடிப்படை என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

கன்னட மண்ணில் தமிழாய்வு செய்வோர் கருதத்தக்க மற்றொரு செய்தியும் உண்டு. உஷாவாக நடித்த பண்டரிபாய் கருநாடகத்தைச் சேர்ந்தவர். அதே 1954இல் வெளிவந்த ‘பேடர கண்ணப்பா’ என்னும் கன்னடப் படத்தில், ராஜ்குமார் ஏற்ற வேடனுக்கு மனைவியாக நடித்தவரும் அவரே. கணவன்வழி நிற்றல், கணவனைத் தடுத்து நிற்றல் என்னும் இரு நிலைகளையும் ஒரே ஆண்டில் ஒரே முகத்தில் இரு மொழியினர் கண்டனர். இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. கணவன் எவ்வழி நடக்கிறான் என்பதே அவற்றைப் பிரிக்கிறது.

முடிவுரை

கண்ணகிக்கு ஞாயிறு சான்று கூறியது. ‘அந்த நாள்’ படத்திலோ விசாரிக்கப்படுவோர் ஒவ்வொருவரும் மற்றொருவரை ஐயுறுகின்றனர். வானிலிருந்து எக்குரலும் எழவில்லை. உஷா தான் அறிந்த உண்மையைத் தானே எடைபோட்டு, அதன் விளைவையும் தானே சுமக்கிறாள். அவளுக்குத் தெய்வநிலை இல்லை, கோயிலும் இல்லை. சான்றளிக்கத் தெய்வம் இல்லாதபோதும் அன்புக்குரியவரின் தீமைக்குத் துணைபோகாதிருத்தலே அறம் என்பதை அவ்வாண்டின் திரை உணர்த்துகிறது. அவ்வறம் மனைவியருக்கு மட்டும் உரியதன்று.