கொலைகாரனுக்கும் நீதி உண்டா?

 

 

2011 மே 6, ஒரு வெள்ளிக்கிழமை. அந்த வாரம் திங்கட்கிழமைதான் பாகிஸ்தானின் அப்போட்டாபாத் நகரில் உஸாமா பின் லாடன் கொல்லப்பட்டிருந்தார். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் நின்றிருந்தபோது இரண்டு பேர் என்னிடம் வந்தார்கள். ஒருவர் இளைஞர். "ஹழ்ரத், அவருக்கு காயிப் ஜனாஸா தொழ வைப்பீங்களா?" என்று கேட்டார். இன்னொருவர் வயதில் பெரியவர், வியாபாரி. "ஒழிஞ்சான் ஹழ்ரத். அவன் செஞ்சதுக்கு உலகம் பூரா நம்மளத்தான் சந்தேகமா பாக்குது. ஷுக்ரு செய்யணும்" என்றார்.

நான் இருவருக்கும் பதில் சொல்லவில்லை. "எல்லாம் அல்லாஹ்வுடைய நாட்டம்" என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். அப்போது எனக்கு முப்பதை ஒட்டிய வயது. எதைச் சொன்னாலும் வம்பாகிவிடும் என்ற பயம். பயத்தை ஹிக்மத் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சென்ற வாரம் ஒரு கல்லூரி மாணவர் அதே விஷயத்தை வேறு விதமாகக் கேட்டார். "ஆயிரக்கணக்கான பேரைக் கொன்றவனை விசாரிக்காமல் சுட்டுக் கொன்றால், அது நீதியா ஹழ்ரத்?" அன்று விட்டுப்போன கடனை இன்று அடைக்கப் பார்க்கிறேன். நீங்களும் அவசரப்படாமல் கடைசி வரை படியுங்கள்.

முதலில், கொல்லப்பட்டவர்கள்

இந்தப் பேச்சை அவரிடமிருந்து தொடங்கக் கூடாது. அவரால் உயிரிழந்தவர்களிடமிருந்து தொடங்க வேண்டும்.

1998 ஆகஸ்ட் 7 அன்று நைரோபியிலும் தாருஸ்ஸலாமிலும் இருந்த அமெரிக்கத் தூதரகங்கள் முன்பு குண்டுகள் வெடித்தன. 224 பேர் இறந்தார்கள். அதில் அமெரிக்கர்கள் 12 பேர்தான். மற்றவர்களில் பெரும்பாலோர் கென்ய நாட்டின் சாதாரண மக்கள்: அலுவலகம் போனவர்கள், தெருவில் நடந்தவர்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் 2,977 பேர் கொல்லப்பட்டார்கள். அதில் முஸ்லிம்களும் உண்டு. கராச்சியில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்த 23 வயது இளைஞர், காவல்துறைப் பயிற்சியில் இருந்தவர், எரியும் கோபுரங்களை நோக்கி உதவி செய்ய ஓடினார். அங்கேயே இறந்தார். உடல் கிடைக்கும் வரை அவருடைய குடும்பம் சந்தேகப் பார்வையைச் சுமந்தது. பிறகுதான் அவர் மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டார்.

ஓர் உயிரை அநியாயமாகக் கொல்வது மனித குலம் முழுவதையும் கொல்வதற்குச் சமம் என்று அல்லாஹ் சூரா மாயிதாவில் (5:32) எச்சரிக்கிறான். இதை வைத்துப் பாருங்கள். உஸாமா பின் லாடன் செய்ததற்கு மார்க்கத்தில் எந்த நியாயமும் இல்லை. அமெரிக்கா ஈராக்கில் செய்த அநியாயமோ, ஃபலஸ்தீனத்தில் நடக்கும் அநியாயமோ நைரோபியில் பஸ்ஸுக்கு நின்றவரைக் கொல்ல அனுமதி ஆகாது. இதில் "ஆனால்" என்று இழுப்பவர், தன் ஈமானைக் கொஞ்சம் பரிசோதித்துக்கொள்ளட்டும்.

இரு தரப்பு வாதம்

மே 2 அதிகாலை அமெரிக்கக் கடற்படையின் சிறப்புப் படையினர் ஹெலிகாப்டரில் வந்து இறங்கினார்கள். சுமார் 40 நிமிடங்களில் வேலை முடிந்தது. உஸாமாவோடு அவருடைய மகன் ஒருவர், தூதராக இருந்தவர், அந்தத் தூதரின் சகோதரர், அந்தச் சகோதரரின் மனைவி என ஐந்து பேர் இறந்தார்கள். உஸாமா ஆயுதத்தோடு எதிர்த்தார் என்று முதலில் சொன்ன வெள்ளை மாளிகை, அடுத்த நாளே அவர் கையில் ஆயுதம் இல்லை என்று திருத்தியது. அந்த அறைக்குள் நடந்ததைப் பற்றிப் பின்னாளில் பேசிய படைவீரர்கள் இருவரின் விவரங்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. நீதி நிலைநாட்டப்பட்டுவிட்டது என்று அதிபர் ஒபாமா அறிவித்தார்.

இது சட்டப்படி சரி என்றவர்களின் வாதத்தையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். அமெரிக்க வெளியுறவுத் துறையின் சட்ட ஆலோசகர் ஹரால்டு கோ, இது போர் என்றார். எதிரிப் படையின் தலைவரைப் போரில் கொல்லலாம், சரணடைந்திருந்தால் ஏற்றிருப்போம் என்றார். 1943-ல் ஜப்பானிய அட்மிரல் யமமோட்டோவின் விமானத்தைக் குறிவைத்துச் சுட்டு வீழ்த்தியதை முன்னுதாரணமாகக் காட்டினார் அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர். தற்காப்பு உரிமையைத் தரும் ஐ.நா. சாசனத்தின் 51-ஆம் பிரிவும் சொல்லப்பட்டது.

மறுத்தவர்கள் கேட்டது: போர் என்றால் எந்த நாட்டோடு? பாகிஸ்தானோடு போர் இல்லையே, அந்த நாட்டின் அனுமதியும் வாங்கவில்லையே? ஆயுதமில்லாத ஒருவரைப் பிடித்திருக்க முடியாதா? அப்போது ஐ.நா. மனித உரிமை ஆணையராக இருந்தவர் நவி பிள்ளை, தென்னாப்பிரிக்கத் தமிழ் வம்சாவளியில் வந்தவர். நடந்ததை முழுமையாக வெளியிடுங்கள் என்று அவர் கேட்டார். ஆயுதமில்லாதவர் கொல்லப்பட்டது மனதைச் சங்கடப்படுத்துகிறது என்று கான்டர்பரி பேராயர் ரோவன் வில்லியம்ஸ் சொன்னார். உஸாமா பின் லாடன் மீது இவர்கள் யாருக்கும் அனுதாபம் கிடையாது.

நம் வரலாறு என்ன சொல்கிறது?

நம்மில் சிலர் இங்கே கஅப் பின் அஷ்ரஃபின் சம்பவத்தைக் கொண்டு வருவார்கள். மதீனாவின் உடன்படிக்கைக்குள் இருந்துகொண்டே, பத்ருக்குப் பிறகு மக்கா சென்று குறைஷிகளைப் போருக்குத் தூண்டியவன் அவன். நபி (ஸல்) அவர்களின் கட்டளைப்படி முஹம்மது பின் மஸ்லமா (ரலி) அவர்கள் இரவில் சென்று அவனைக் கொன்றார்கள். இதை மறைக்கத் தேவையில்லை. போர் மூட்டும் தலைவனை ஆட்சியாளரின் கட்டளைப்படி கொல்வதற்கு ஓர் இடம் உண்டு என்பதற்கு இது ஆதாரம். ஆகவே அமெரிக்க வழக்கறிஞர்களின் வாதத்தை ஒரே வார்த்தையில் தள்ளிவிட நம்மால் முடியாது. ஆனால் யாரை வேண்டுமானாலும் தனிமனிதர்கள் போய்க் கொல்லலாம் என்பதற்கு இதில் ஆதாரம் இல்லை. தீர்ப்பும் தண்டனையும் ஆட்சிப் பொறுப்பில் உள்ளவரின் கையில்தான் என்பது நம் இமாம்களின் பொதுவான நிலைப்பாடு.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். உஸாமா என்ற பெயரைக் கேட்டால் ஹதீஸ் படித்தவருக்கு முதலில் நினைவுக்கு வருபவர் உஸாமா பின் ஸைத் (ரலி). நபி (ஸல்) அவர்களின் செல்லப்பிள்ளை. போர்க்களத்தில் எதிரி ஒருவன் வாள் தன் மீது விழும் நேரத்தில் கலிமா சொன்னான். உயிருக்குப் பயந்து சொல்கிறான் என்று நினைத்து உஸாமா (ரலி) அவனைக் கொன்றுவிட்டார்கள். செய்தி அறிந்த நபி (ஸல்) அவர்கள், அவனுடைய நெஞ்சைப் பிளந்து பார்த்தாயா என்ற கருத்தில் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அன்றுதான் புதிதாக இஸ்லாத்துக்கு வந்திருக்கக் கூடாதா என்று உஸாமா (ரலி) ஏங்கும் அளவுக்குக் கேட்டார்கள். அது சண்டை நடந்த இடம். எதிரே நின்றவன் ஆயுதம் ஏந்தியவன். அப்படியிருந்தும், அவன் பணிந்த பிறகு வெட்டியது ஏன் என்ற கேள்வி வந்தது.

அலீ (ரலி) அவர்களின் காலத்துக்கு வாருங்கள். ஹவாரிஜ்கள் அன்றைய தீவிரவாதிகள். தங்களோடு சேராத முஸ்லிம்களைக் காஃபிர் என்றார்கள். அப்துல்லாஹ் பின் கப்பாப் அவர்களையும் கர்ப்பிணியான அவருடைய பெண்ணையும் கொன்றார்கள். கலீஃபா உடனே படையை ஏவிவிடவில்லை. கொன்றவர்களை ஒப்படையுங்கள் என்று முதலில் கேட்டார்கள். நாங்கள் எல்லோரும்தான் கொன்றோம் என்று அவர்கள் திமிராகப் பதில் சொன்ன பிறகே நஹ்ரவான் போர் நடந்தது.

பின்னர் ஹிஜ்ரி 40 ரமளானில், அதே கூட்டத்தைச் சேர்ந்த இப்னு முல்ஜம் கூஃபாவில் அலீ (ரலி) அவர்களை விஷம் தோய்த்த வாளால் வெட்டினான். பிடிபட்டான். மரணப் படுக்கையில் அந்தக் கலீஃபா என்ன சொன்னார்கள்? அவனுக்கு உணவும் நீரும் கொடுங்கள். நான் பிழைத்தால் மன்னிப்பதா, பழிவாங்குவதா என்று நானே முடிவு செய்வேன். இறந்தால் ஒரு வெட்டுக்கு ஒரு வெட்டு, அதற்கு மேல் சிதைக்காதீர்கள் என்ற கருத்தில் வஸிய்யத் செய்தார்கள்.

கேள்வி என்ன, அவனை யார் வெறுக்கவில்லை? வெறுப்பு எல்லோருக்கும் இருந்தது. அந்த வெறுப்பின் கையில் தீர்ப்பைக் கொடுக்கவில்லை என்பதுதான் விஷயம். ஒரு கூட்டத்தின் மீதுள்ள பகை நம்மை நீதியிலிருந்து விலக்கிவிடக் கூடாது என்று சூரா மாயிதாவின் எட்டாவது வசனம் கட்டளையிடுகிறதே, அதைச் செயலில் காட்டினார்கள்.

விசாரணை யாருக்காக?

"குற்றம் ஊருக்கே தெரியும். அப்புறம் எதற்கு விசாரணை?" என்று கேட்கலாம். விசாரணை குற்றவாளிக்குச் செய்யும் சலுகை என்று நினைப்பதால் வரும் கேள்வி இது. கொல்லப்பட்டவரின் வாரிசுக்கு அல்லாஹ் அதிகாரம் கொடுத்திருக்கிறான், அவர் அதில் எல்லை மீறக் கூடாது என்று சூரா பனீ இஸ்ராயீலில் (17:33) சொல்கிறான். கேட்கும் உரிமை வாரிசுடையது. விசாரணை முதலில் அவருக்காக.

நைரோபி, தாருஸ்ஸலாம் குண்டுவெடிப்புக்காக நான்கு பேர் நியூயார்க் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். 2001-ல் அவர்கள் குற்றவாளிகள் என்று ஜூரிகள் முடிவு செய்தார்கள். ஆயுள் சிறை விதிக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர்கள் சாட்சிக் கூண்டில் ஏறித் தங்கள் இழப்பைச் சொன்னார்கள். அதே நீதிமன்றத்தில் 1998-லிருந்தே உஸாமா பின் லாடன் மீதும் குற்றப்பத்திரிகை இருந்தது. 2011 ஜூனில், குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துவிட்டார் என்று அந்த வழக்கு முடித்து வைக்கப்பட்டது. நைரோபியின் ஒரு விதவை அவர் முகத்துக்கு நேராக, "என் கணவர் உனக்கு என்ன செய்தார்?" என்று கேட்கும் வாய்ப்பு அதோடு போனது. நமக்கும் ஒரு நஷ்டம் உண்டு. குர்ஆன் வசனங்களைத் தன் கொலைக்குத் துணையாக இழுத்தவர், உலகத்தின் முன் ஆலிம்களின் கேள்விக்குப் பதில் சொல்லாமலே போய்விட்டார். மிஞ்சியிருப்பது அவரே பதிவு செய்து அனுப்பிய பேச்சுகள்.

பிடித்திருந்தால் மட்டும் நீதி கிடைத்திருக்குமா என்றும் நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. செப்டம்பர் 11 தாக்குதலைத் திட்டமிட்டவர் என்று சொல்லப்படும் காலித் ஷேக் முஹம்மது 2003-ல் பிடிபட்டார். சித்திரவதை செய்யப்பட்டார். இருபது ஆண்டுகள் கடந்தும் விசாரணை முடியவில்லை. எல்லை மீறியதால் வழக்கே சிக்கலாகிவிட்டது. இதுவும் நம் பேச்சை மறுக்கவில்லை, உறுதிதான் செய்கிறது.

கொன்ற பிறகு

ஜனாஸாவைக் கடலில் விட்டார்கள். அடக்கத்தலம் ஒரு நினைவிடமாகிவிடக் கூடாது என்பது ஒரு காரணம். கப்பலில் இறந்து, கரை சேர வழியில்லாத நிலைக்குத்தான் ஃபிக்ஹில் கடல் அடக்கத்துக்கு அனுமதி உண்டு. அல்அஸ்ஹரின் தலைமை இமாம் அஹ்மத் அத்தய்யிப் இதைக் கண்டித்தார்.

அதே மாதம் 13-ஆம் தேதி, பழிக்குப் பழி என்று சொல்லி பாகிஸ்தான் தாலிபான்கள் ஷப்கதரில் குண்டு வைத்தார்கள். 80-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் பயிற்சி முடித்து ஊருக்குக் கிளம்பிய இளம் காவலர்கள், முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள். அல்காயிதாவும் ஓயவில்லை, ஜூனில் அய்மன் அழ்ழவாஹிரி தலைவரானார். அவர் 2022-ல் காபூலில் ட்ரோன் தாக்குதலில் கொல்லப்பட்டார்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. அந்த வீட்டில் இருப்பவர்களின் மரபணுவைப் பெறுவதற்காக, ஒரு மருத்துவரை வைத்து மஞ்சள் காமாலைத் தடுப்பூசி முகாம் என்ற பெயரில் சி.ஐ.ஏ. வேவு பார்த்தது. விஷயம் வெளியானதும், ஊசி போட வருபவர்கள் உளவாளிகள் என்ற வதந்திக்கு உயிர் வந்தது. 2012-ல் வஜீரிஸ்தானில் தாலிபான்கள் போலியோ சொட்டு மருந்தைத் தடுத்தார்கள். வீடு வீடாகப் போன பெண் ஊழியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2014-ல் பாகிஸ்தானில் 306 போலியோ பாதிப்புகள் பதிவாயின. காரணங்கள் பல, இதுவும் ஒன்று. இனி தடுப்பூசித் திட்டங்களை உளவுக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று அமெரிக்கா அதே ஆண்டு அறிவித்தது. காலம் கடந்த அறிவிப்பு. நடக்க முடியாமல் போன அந்தப் பிள்ளைகள் யாரையும் கொன்றவர்கள் அல்ல.

அந்த இருவருக்கும் என் பதில்

அந்த இளைஞர் எங்கிருந்தாலும் அவருக்குச் சொல்கிறேன். தம்பி, ஹனஃபி மத்ஹபில் காயிப் ஜனாஸா இல்லை, ஷாஃபியில் உண்டு. ஆனால் உங்கள் கேள்வி மஸ்அலாவைப் பற்றியது அல்ல என்று அன்றே எனக்குத் தெரியும். அவரை ஒரு வீரராகப் பார்க்க என் அனுமதியைக் கேட்டீர்கள். அதற்கு அனுமதி இல்லை. அவருடைய கணக்கு அல்லாஹ்விடம். கொல்லப்பட்டவர்களின் ஹக்கு அவர் கழுத்தில்.

பெரியவருக்கும் சொல்கிறேன். தீயவனின் மரணத்தால் மனிதர்களும் ஊர்களும் மரங்களும் பிராணிகளும்கூட நிம்மதி பெறுகின்றன என்ற கருத்தில் நபிமொழி உண்டு. உங்கள் ஷுக்ரில் தவறில்லை. நிம்மதி அடையுங்கள். அந்த நிம்மதிக்கு நீதி என்று பெயர் வைக்காதீர்கள். இரண்டும் வேறு. ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் விட்டால் நிம்மதி. நோய் என்னவென்று கண்டுபிடிப்பது வேறு வேலை.

மாணவரே, உங்கள் கேள்விக்கு என் பதில் இது. போர் என்ற கணக்கில் அந்தச் செயலுக்கு ஒரு வாதம் இருக்கலாம். ஆலிம்களும் சட்ட அறிஞர்களும் அதில் கருத்து வேறுபடலாம். நீதி என்ற கணக்கில் அது குறைப்பட்டது. கேள்வி கேட்கப்படவில்லை, பதில் சொல்லப்படவில்லை, வாரிசுகள் பேசவில்லை.

நாளை நம் ஊரிலேயே ஒருவன் பெரும் பாதகம் செய்யலாம். "விசாரணை எதற்கு, சுட்டுத் தள்ளுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வரும். அதை அடுத்தவருக்கு அனுப்பும் முன், இப்னு முல்ஜமுக்கு உணவு கொடுக்கச் சொன்ன அந்தக் கலீஃபாவை ஒரு நிமிடம் நினையுங்கள். நம் எதிரிக்கு மறுக்கப்படும் விசாரணை, அடுத்த முறை நம் பிள்ளைக்கும் மறுக்கப்படலாம்.

வல்ல ரஹ்மான் நம் வெறுப்பிலும் நம்மை நீதியோடு நிறுத்துவானாக! அநியாயமாகக் கொல்லப்பட்ட எல்லோருடைய குடும்பத்துக்கும் ஆறுதல் தருவானாக! நம் இளைஞர்களை அநியாயத்தின் எல்லா வாசல்களிலிருந்தும் காப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.