சகரன் பிள்ளைகள் தோண்டிய குழி

ஓம் நமசிவாய.



சமய வகுப்பு முடிந்து, கையில் சுண்டலோடு உட்கார்ந்திருக்கும்போது வெயிலைப் பற்றியோ வெள்ளத்தைப் பற்றியோ பேச்சு வரும். உடனே கூட்டத்தில் ஒருவர் சொல்வார்: "இது கலியுகம்பா. இப்படித்தான் நடக்கும். ஆண்டவன் பார்த்துக்குவான்." கேட்பதற்கு பக்தியாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் சமயம் அப்படியா சொல்லித் தருகிறது? இந்த மாதம் அதைத்தான் பார்க்கப் போகிறோம். அதற்கு முதலில் ஒரு கதை.

அயோத்தியை ஆண்ட சகரன் அசுவமேத யாகம் செய்தான். யாகக் குதிரை காணாமல் போய்விட்டது. தன் 60,000 பிள்ளைகளையும் கூப்பிட்டு, "தேடிக் கொண்டு வாருங்கள்" என்றான். பூமிக்கு மேலே குதிரை கிடைக்கவில்லை. சரி, கீழே இருக்கும் என்று தோண்ட ஆரம்பித்தார்கள். எவ்வளவு தோண்டுகிறோம், எங்கே தோண்டுகிறோம் என்று யாரும் யோசிக்கவில்லை. மண்ணுக்குள் வாழ்ந்த உயிர்களெல்லாம் அடிபட்டுக் கதறின. பாதாளத்தில் கபில முனிவரின் பக்கத்தில் குதிரை மேய்ந்துகொண்டிருந்தது. விசாரிக்காமல், "திருடன் இவன்தான்" என்று அவர்மேல் பாய்ந்தார்கள். முனிவரின் கோபத்தில் 60,000 பேரும் சாம்பலானார்கள். வால்மீகி இராமாயணத்தின் பால காண்டத்தில் விசுவாமித்திரர் இராமனுக்குச் சொல்லும் கதை இது.

பாதிக் கதையோடு நிறுத்துகிறேன். மீதியைப் பிறகு பார்ப்போம்.

மனுஷன் இன்னும் தோண்டிக்கொண்டுதான் இருக்கிறான். சுமார் 200 வருஷமாக, வேகமாக ஓட வேண்டும், நிறைய வேண்டும் என்று பூமிக்குள் இருந்து நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எல்லாவற்றையும் எடுத்து எரிக்கிறோம். நம் பேரா மாநிலத்திலேயே மஞ்சோங் அனல்மின் நிலையம் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் நிலக்கரியில்தான் ஓடுகிறது. சகரன் பிள்ளைகளின் சாம்பல் பாதாளத்தில் கிடந்தது. நம்முடைய சாம்பல் கண்ணுக்குத் தெரியாது, காற்றில் கலந்துவிடும்.

நான் பொறியியல் படிக்கிறவன், அதனால் ஒரு சின்னக் கணக்கு. 12 கிராம் கரி முழுசாக எரிந்தால் 44 கிராம் கரியமில வாயு வரும். எரித்ததைவிட ஏறக்குறைய நாலு மடங்கு எடை. "எரிந்து போச்சு" என்று நாம் சொல்வது எங்கேயும் போகவில்லை. தொழிற்புரட்சிக்கு முன்னால் காற்றின் பத்து லட்சம் பங்கில் 280 பங்கு கரியமில வாயு இருந்தது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. சூரிய ஒளி உள்ளே வர இந்த வாயு வழி விடும். சூடான பூமி திருப்பி அனுப்பும் வெப்பத்தில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். போர்வையின் கனம் கூடக் கூடப் புழுக்கம் கூடுகிறது, அவ்வளவுதான் விஷயம். 2024-ஆம் ஆண்டில் உலகின் சராசரி வெப்பம் அந்தப் பழைய காலத்தைவிட 1.5 பாகைக்கு மேல் இருந்தது.

இதெல்லாம் எங்கேயோ நடக்கிற கதை என்று நினைத்தால், நம் காலுக்குக் கீழே பாருங்கள்.

தெலுக் இந்தான் என்றதும் எல்லாருக்கும் ஞாபகம் வருவது சாய்ந்த கோபுரம். 1885-இல் தண்ணீர்த் தொட்டியோடு கட்டினார்கள். கீழே இருக்கும் மண் மெத்தென்ற மண், அதனால் சாய்ந்துவிட்டது. ஊரைத் தாண்டிப் போனால் அதைவிட மெத்தென்ற மண் ஒன்று இருக்கிறது. மலாயில் 'தானா கம்புட்' என்பார்கள். நாம் கரிமண் என்று சொல்லலாம். செம்பனை வாரியம் கரிமண்ணில் செம்பனை எப்படி வளர்கிறது என்று ஆராய்வதற்கு நம்ம தெலுக் இந்தானில்தான் ஒரு நிலையம் வைத்திருக்கிறது.

இந்த மண் எப்படி வந்தது? சதுப்புக் காட்டில் இலை விழும், மரம் விழும். தண்ணீர் தேங்கி நிற்பதால் காற்று உள்ளே போகாது, விழுந்தது முழுசாக மட்காது. இப்படியே ஆயிரக்கணக்கான வருஷம் அடுக்கடுக்காகச் சேர்ந்தது. உலகத்தின் நிலப்பரப்பில் கரிமண் 3 விழுக்காடுதான். ஆனால் அதற்குள் அடங்கியிருக்கும் கரி, உலகக் காடுகள் எல்லாவற்றின் மரங்களிலும் இருப்பதைவிட அதிகம். பூமித்தாய் பூட்டி வைத்த பெட்டகம் என்றே சொல்லலாம்.

வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தால் பெட்டகம் திறந்துவிடும். காற்று உள்ளே போகும், நுண்ணுயிர்கள் மண்ணையே தின்னும், கரி வாயுவாகி மேலே போகும். மண் குறையக் குறையத் தரை இறங்கும். முதல் சில வருஷம் வேகமாக இறங்கி, அப்புறம் வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் இறங்கிக்கொண்டே போகும். கரிமண் தோட்டங்களில் செம்பனை வேர் வெளியே தெரிய, ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பது இதனால்தான். அந்தப் பக்கம் கடல் ஏறுகிறது, இப்போது உலகச் சராசரியில் வருஷத்துக்கு 4 மில்லிமீட்டருக்கு மேல். கடல் ஏறுவது ஒரு அரிசி நீளம், தரை இறங்குவது ஒரு விரல் அகலம். இரண்டும் சேர்ந்து நடக்கிற இடம் நம்முடைய கீழ்ப்பேரா. மேலே மழை பெய்து சுங்கை பேரா நிறைந்து வரும் நேரத்தில், பாகான் டத்தோ பக்கம் கடலும் பெருகி நின்றால், தண்ணீர் எங்கே போகும்? நம் வீட்டுக்குள்தான் வரும்.

காய்ந்த கரிமண்ணில் நெருப்புப் பட்டால் இன்னும் மோசம். மண்ணுக்கு அடியிலேயே வாரக்கணக்கில் புகையும். 1997-இல் இந்தோனேசியாவில் காடும் கரிமண்ணும் எரிந்தபோது வெளியான கரி, உலகம் முழுதும் ஒரு வருஷத்தில் நிலக்கரியும் எண்ணெயும் எரித்து வெளிவிடுவதில் 13 முதல் 40 விழுக்காடு வரை இருக்கும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அப்போது உங்களில் பலர் பிறக்கவே இல்லை. 2015-லும் 2019-லும் வந்த புகைமூட்டத்துக்குப் பள்ளிக்கூடம் மூடினார்களே, அது ஞாபகம் இருக்கும்.

இங்கே ஒரு கேள்வி வரும், மனசை உறுத்தும் கேள்வி. இந்தத் தாழ்நிலத்தில் வாய்க்கால் வெட்டியது யார்? நம்ம தாத்தா பாட்டிதானே. ஜெண்டராட்டா தோட்டம் 1906-இல் தொடங்கியது. அந்தக் காலத்திலிருந்து இந்த வட்டாரத் தோட்டங்களில் முழங்கால் சேற்றில் நின்று காட்டை அழித்து, நட்டு, வளர்த்தவர்களில் நம்மவர் எத்தனை பேர்! அப்படியானால் பாவம் அவர்களுடையதா?

இல்லை. எங்கே வெட்டுவது என்று அவர்கள் முடிவு செய்யவில்லை. லாபமும் அவர்கள் கைக்கு வரவில்லை. பிள்ளை படிக்கட்டும் என்று வியர்வை சிந்தியவர்கள் அவர்கள். அந்த வியர்வையில்தான் இன்று நாம் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்திருக்கிறோம். வெட்டச் சொன்னவன் ஒருவன், வெட்டியவன் ஒருவன், வெள்ளத்தில் நிற்பவன் இன்னொருவன். பருவநிலை மாற்றத்தில் உள்ள பெரிய அநீதியே இதுதான்.

அப்படியானால் வினைக் கணக்கு என்ன ஆச்சு? நம் சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரித்துச் சொல்கிறது. சேர்த்து வைத்த மூட்டை சஞ்சிதம். அதில் இப்போது அனுபவிக்கிற பங்கு பிராரத்தம். இப்போது புதிதாகச் செய்து சேர்ப்பது ஆகாமியம். சாத்திரம் இதை ஒவ்வோர் உயிருக்கும் தனித்தனியாகத்தான் சொல்கிறது. நான் ஊருக்கும் உலகத்துக்கும் உவமையாக எடுத்துக்கொள்கிறேன். காற்றில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட கரியமில வாயு சஞ்சிதம். இன்றைய வெயிலும் வெள்ளமும் பிராரத்தம். இன்று நாம் எரிப்பது ஆகாமியம்.

"எல்லாம் விதி" என்கிறவர் முதல் இரண்டையும் பார்க்கிறார், மூன்றாவதை மறந்துவிடுகிறார். மூன்றாவது நம் கையில் இருக்கிறது. அறிவியலும் அதையேதான் சொல்கிறது. கரியமில வாயு சேர்வதை உலகம் நிறுத்திவிட்டால், வெப்பம் மேலும் ஏறுவது ஏறக்குறைய நின்றுவிடும். கடல் மட்டும் இன்னும் பல நூறு வருஷம் மெல்ல ஏறும், பழைய வினை சும்மா விடாது. ஆனால் எவ்வளவு ஏறும், எவ்வளவு வேகமாக ஏறும் என்பது ஆகாமியத்தைப் பொறுத்தது. கதவு இன்னும் சாத்தவில்லை.

இப்போது மீதிக் கதை.

சாம்பலான 60,000 பேரும் கரையேற ஆகாய கங்கை பூமிக்கு வர வேண்டும். சகரன் வழி தெரியாமலே இறந்தான். பேரன் அம்சுமான் தவம் இருந்தான், முடியவில்லை. அவன் மகன் திலீபன் அதே கவலையில் நோயுற்று இறந்தான். அவன் மகன் பகீரதன் விடவில்லை. பிரம்மன் வரம் கொடுத்தார், கூடவே ஓர் எச்சரிக்கையும் சொன்னார்: "கங்கை அப்படியே விழுந்தால் பூமி தாங்காது. தாங்கக்கூடியவர் சிவபெருமான் ஒருவர்தான்." மறுபடியும் தவம். பெருமான் சடையை விரித்தார். சீறி வந்த கங்கை அந்தச் சடைக்குள் சிக்கி, வேகம் தணிந்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தாள். இன்றைக்கும் பெரிய முயற்சியை நாம் 'பகீரதப் பிரயத்தனம்' என்றுதானே சொல்கிறோம்?

பகீரதன் தோண்டியவன் இல்லை, அதைக் கவனியுங்கள். தோண்டிய காலத்தில் அவன் பிறக்கவே இல்லை. "தாத்தாக்கள் செய்ததற்கு நான் ஏன் கஷ்டப்படணும்?" என்று அவன் கேட்கவும் இல்லை. வந்த கடனைத் தன் கடமையாக ஏற்றான். அவனுக்கு முன்னால் இரண்டு தலைமுறை தோற்றிருந்தது. அவர்கள் முயற்சியை வீண் என்று அவன் நினைக்கவில்லை, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.

அப்புறம் அந்தச் சடை. வெப்பம் ஒரு பாகை கூடினால் காற்று ஏறக்குறைய 7 விழுக்காடு அதிக ஈரத்தைச் சுமக்கும். அதனால் கொட்டும்போது மொத்தமாகக் கொட்டுகிறது. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் நின்றதை மறக்க முடியுமா? அந்த வெள்ளக் காலத்தில் நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு 610 கோடி ரிங்கிட். விழும் தண்ணீரைத் தாங்கி மெல்ல விடுகிற சடை நமக்கும் உண்டு: மலைக்காடு, கரிமண் சதுப்பு, கடலோரச் சதுப்புக்காடு. சடையை மழித்துவிட்டு, கங்கை அடிக்கிறாளே என்று அழுவது என்ன நியாயம்?

கடலோரச் சதுப்புக்காட்டைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். சிதம்பரத்துக்குத் தில்லை என்று ஏன் பெயர் வந்தது? தில்லை மரக் காடு இருந்ததால். அது உப்பங்கழிச் சதுப்பில் வளரும் மரம். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் பிச்சாவரத்தில் இன்றும் நிற்கிறது. 2004 ஆழிப்பேரலையில் அந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த கிராமங்களுக்குச் சேதம் குறைவு. அதே மரம் நம் நாட்டுக் கடலோரத்திலும் உண்டு, மலாயில் 'பூத்தா பூத்தா' என்பார்கள். நடராஜப் பெருமான் ஆடுவதற்குத் தேர்ந்தெடுத்தது சதுப்புக்காட்டை. நாம் அதைச் சேறு, கொசு என்று ஒதுக்குகிறோம்.

"நாம சின்ன ஊரு, பெரிய நாடுகள் நிறுத்தாம நம்மால் என்ன ஆகும்?" என்று கேட்பீர்கள். உண்மைதான், பெரிய பங்கு பெரிய நாடுகளுடையது. அதைத் தட்டிக் கேட்கவும் வேண்டும். ஆனால் நம்ம ஊர்த் தரை இறங்குவது வாஷிங்டனில் முடிவாகும் விஷயம் இல்லை. "செம்பனை இல்லன்னா சோறு ஏது?" என்றும் கேட்பீர்கள். செம்பனையை வெட்டிப் போடு என்று யாரும் சொல்லவில்லை. ஏற்கெனவே நட்ட கரிமண்ணில், வாய்க்காலில் தடுப்பு வைத்து நிலத்தடி நீரை 40 முதல் 60 சென்டிமீட்டர் ஆழத்தில் நிறுத்தினால், தரை இறங்குவது குறையும், தீயும் எளிதில் பிடிக்காது, மரமும் நன்றாகக் காய்க்கும். புதிதாகக் கரிமண்ணில் நடக்கூடாது என்று நிலைத்தன்மைச் சான்று தரும் ஆர்எஸ்பிஓ அமைப்பு 2018-இலேயே விதி போட்டுவிட்டது.

ஆகவே, நம் கிளை இளைஞர்கள் எடுத்துக்கொள்ளக்கூடிய விரதங்கள் மூன்று.

ஒன்று, நெருப்பு. வீட்டுக் குப்பை, காய்ந்த புல், தோட்டக் கழிவு எதையும் திறந்த வெளியில் எரிக்க வேண்டாம். சட்டமும் தடுக்கிறது. அப்பா எரிக்க எடுத்தால், "அப்பா, இது கரிமண், அடியில பிடிச்சா அணைக்க முடியாது" என்று பக்குவமாகச் சொல்லுங்கள்.

இரண்டு, உழவாரப் பணி. அப்பர் சுவாமிகள் உழவாரத்தோடு கோயில் பிராகாரத்தைச் செதுக்கினார். நாம் பிராகாரத்தோடு நிறுத்தாமல் கோயில் வடிகாலையும் ஆற்றங்கரையையும் சேர்த்துக்கொள்வோம். சித்ரா பௌர்ணமிக்கு நம் தண்டாயுதபாணி கோயிலுக்கு வரும் கூட்டம் நமக்குத் தெரியும். தண்ணீர்ப் பந்தலில் பிளாஸ்டிக் போத்தலுக்குப் பதில் குடமும் கழுவி எடுக்கும் டம்ளரும் வைத்தால், மறுநாள் பெருக்கு வரும்போது கால்வாய் அடைபடாது.

மூன்று, படிப்பு. உங்களில் ஒருவர் நீர்ப் பொறியாளராக வேண்டும், ஒருவர் மண்ணியல் படிக்க வேண்டும், ஒருவர் தோட்ட நிர்வாகியாக வேண்டும். தாத்தா உத்தரவு வாங்கி வெட்டிய வாய்க்காலில், தடுப்பு எங்கே வைப்பது என்று முடிவெடுக்கிற நாற்காலியில் பேரப்பிள்ளை உட்கார வேண்டும். தாத்தாவுக்கு நாம் செய்யும் உண்மையான தர்ப்பணம் அதுதான்.

கங்கை பகீரதன் தேருக்குப் பின்னாலேயே வந்தாள் என்கிறது கதை. தேரை அவன் ஓட்ட வேண்டியிருந்தது. அருள் பின்னால் வரும், முன்னால் நாம் நடக்க வேண்டும்.

எல்லாரும் நலமாக இருக்க, மழை அளவோடு பெய்ய, மண் நிலைத்து நிற்க எம்பெருமானை வேண்டுவோம்.

ஓம் நமசிவாய.