எல்லை என்ற சொல்

பழையசீவரத்தில் பாலாற்றங்கரையில் நின்றால் எதிரே திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுமிடம். வருஷத்தில் பெரும்பகுதி மணல்தான் கூடுகிறது. பெயர் மட்டும் வற்றவில்லை.

அந்த ஊர்ப் பையன் ஒருவன் என்னிடம் நுண்கணிதம் படித்தான். 0.999... என்று முடிவில்லாமல் போவது 1தான் என்று நான் நிறுவியதும் எழுந்து நின்றான். "நெருங்கும் ஸார், ஆகாது." மூன்றில் ஒரு பங்கு 0.333... என்பதில் அவனுக்கு ஆட்சேபம் இல்லை. அதை மூன்றால் பெருக்கிக் காட்டினேன். கணக்கு சரி, ஆனாலும் ஆகாது என்றான்.

டேவிட் டாலும் ஷ்வார்ட்ஸென்பெர்கரும் 1978இல் வெளியிட்ட கட்டுரையில், இங்கிலாந்தின் முதலாண்டுப் பல்கலைக்கழக மாணவர்களில் பெரும்பாலோர் சொன்னதும் இதுவே. 1981இல் டாலும் வின்னரும் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள்: மாணவனிடம் வரையறை ஒன்று, படிமம் ஒன்று, யோசிக்கிறபோது அவன் பற்றிக்கொள்வது படிமத்தை. (படிமம் பற்றி இத்தனை எழுதியிருக்கும் நாம் இதைக் கவனித்திருக்க வேண்டாமா?)

நம் சொல் அந்தப் படிமத்தை மேலும் கெட்டியாக்குகிறது. எல்லை என்றால் எல்லைக்கல், எல்லையம்மன். நடந்து போய்ச் சேரலாம், அல்லது சேராமல் திரும்பலாம். வையர்ஸ்ட்ராஸின் வரையறையிலோ நடையே கிடையாது. நீ எவ்வளவு சிறிய இடைவெளி கேட்டாலும் அதற்குள் அடக்கிக் காட்டுகிறேன் என்ற வாக்கு மட்டும். கேள்வி முதலில், பதில் அப்புறம். வரிசை மாறினால் அர்த்தம் போயிற்று. 1734இல் பிஷப் பெர்க்லி நியூட்டனின் மறைந்துபோகும் அளவுகளைக் கேலி செய்தார். உருப்படியான பதில் வர ஏறக்குறைய நூறாண்டு ஆயிற்று. நான் என் மாணவனுக்குக் கொடுத்தது ஐம்பது நிமிஷம்.

எந்தப் படியில் நிறுத்தினாலும் 1க்குக் குறைவு என்று அவன் கண்டிருந்தான். அது தப்பல்ல. நிறுத்துவதே இல்லை என்பதுதான் அவனுக்கு வசப்படவில்லை. 'எல்லையற்ற' என்று கூசாமல் எழுதும் நம் கவிகளில் எத்தனை பேர் அவனளவு தயங்கியிருப்பார்கள்?

மாதப் பரீட்சையில் பக்கத்துப் பையன் வரையறையை ஒப்பித்து முழு மார்க் வாங்கினான். நம்புகிறாயா என்று கேட்டேன். "எழுதினா மார்க் வருது ஸார்" என்றான். இவனோ, நம்பவில்லை என்றே எழுதியிருந்தான். பூஜ்யம் போட்டேன். நிரூபணம் யார் சம்மதத்துக்கும் காத்திராது; கணிதப்படி பூஜ்யம் சரி. ஆனால் சம்மதமில்லாத ஒன்றைப் புரிதல் என்று எண்ணி மார்க் போட்ட கையும் என்னுடையதே.

மறுநாள் அந்தப் பாடத்தையே திரும்ப எடுத்திருக்கலாம். ஸிலபஸில் அடுத்தது தொடர்ச்சி. அதை எடுத்தேன்.