மறைத்தலும் அருள்தானா?

சிவனின் ஐந்தொழிலில் மற்ற நான்கும் எனக்குச் சிறு வயதிலேயே பிடிபட்டுவிட்டன. மறைத்தல் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. அருள்கிறவன் எதற்காக மறைக்க வேண்டும்? உமாபதி சிவத்தின் திருவருட்பயனுக்குப் பாடம் கேட்டும் தெளியவில்லை. வால்வு ரேடியோக்களைப் பழுது பார்க்கும் மேசையில்தான் கொஞ்சம் வழி திறந்தது.

எங்கள் தெருவில் ஊர் அடங்கியபின் மீட்டர் வைத்தால் 242 வோல்ட் காட்டும். பழைய பிலிப்ஸ் செட்டோ 220-க்குச் செய்தது. பிலமென்ட்டுக்கு 6.3 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 6.9 போகும். கேத்தோடின் பூச்சு சீக்கிரம் தீரும். வயதான கண்டன்சர் உப்பி வெடிக்கும். கரண்ட் மேல் குற்றமில்லை. புது டி.வி. அதையே வாங்கிக்கொண்டு சுகமாக ஓடுகிறது.

12-0-12 டிரான்ஸ்பார்மர் ஒன்றை எடுத்து, பிரைமரியை லைனுக்கே கொடுத்து, நடு ஒயரை விட்டுவிட்டு, அதன் செகண்டரியை ரேடியோவுக்குப் போகும் லைனில் எதிர்முகமாகச் சேர்ப்பேன். அது எதிர்த்து நின்று சுமார் 25 வோல்ட்டைக் கழித்துவிடும். செட்டுக்கு 217 போகும். அதே இரண்டு முனைகளையும் மாற்றிக் கொடுத்தால் 267 ஆகிவிடும். அதனால் மீட்டரில் பார்க்காமல் செட்டைச் சேர்ப்பதே இல்லை.

எதிர்த்து நிற்கும் அந்த 25 வோல்ட்டும் அதே லைனிலிருந்து வந்ததுதான். வேறொரு பகைச் சக்தி அங்கே இல்லை. மறைத்தலைச் செய்யும் திரோதான சத்தியைப் பற்றிச் சைவ சித்தாந்தம் சொல்வதும் இதையே. மலங்களோடு சேர்த்து எண்ணினாலும் அது மலமன்று, சிவசத்தியே. உயிர் பக்குவப்படும்வரை மறைப்பாக நிற்கிறது. பக்குவம் வந்ததும் அதுவே அருளாக விளங்குகிறது. அருள் உயிரில் பதிவதாகிய சத்திநிபாதத்தை மந்தம், மந்ததரம், தீவிரம், தீவிரதரம் என்று நான்காக வகுத்ததும் உயிரின் பக்குவத்தை வைத்துத்தான். அடைத்துவிடுவது வேறு, அளந்து விடுவது வேறு.

ஆனால் ஓரிடத்தில் இந்த ஒப்பு நிற்காது. செட்டின் முதுகில் எத்தனை வோல்ட் என்று அடித்திருக்கிறது; மனிதருக்கு அப்படி எதுவும் இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய், எல்லாம் உன் பக்குவத்துக்காகத்தான் என்று சொல்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். அளவு தெரியாத இடத்தில் அளவு சொல்வது அது. மறைத்தலை அவரவர் தம் வாழ்க்கையில் வைத்துப் பார்க்கட்டும். அடுத்தவர் துக்கத்துக்கு விளக்கமாக அதை எடுத்துக்கொண்டு போவதைச் சைவர்களாகிய நாம் விட்டுவிட வேண்டும்.