இரண்டாவது கதவு



பிள்ளை பரீட்சையில் தவறினான். வேலை கேட்டு எழுதிய மனு திரும்பி வந்தது. உடனே, "இனி முயன்று என்ன பயன்?" என்று சோர்ந்துவிடுகிறோம். பலன் நிச்சயமாய்த் தெரிந்தால்தான் முயல வேண்டுமா?

சைபீரியாவிலுள்ள தொபோல்ஸ்க் நகரில் 1834-ம் ஆண்டு திமீத்ரி மெண்டெலீவ் பிறந்தார். அவ்வாண்டே தகப்பனார் பார்வை இழந்தார். தாயார் மரியா, தம் பிறந்த வீட்டாரின் கண்ணாடித் தொழிற்சாலையை நடத்திப் பிள்ளைகளைக் காப்பாற்றினார். 1847-ல் கணவர் மரித்தார். மறு ஆண்டே தொழிற்சாலை தீக்கிரையாயிற்று.

அம்மாது முடங்கிவிடவில்லை. 1849-ல் கடைசி மகனை மாஸ்கோவுக்கு அழைத்துச் சென்றார். சர்வகலாசாலை அவனைச் சேர்க்க மறுத்தது. பீட்டர்ஸ்பர்க் சென்றார். 1850-ல் ஆசிரியர் கல்லூரியில் இடம் கிடைத்தது. அவ்வாண்டே தாயார் கண்மூடினார்.

1869-ல் மகன் இரசாயன மூலகங்களை அட்டவணையாக வகுத்து உலகப் புகழ் பெற்றதை அவர் காணவில்லை. 1887-ல் மகன் தம் நூலொன்றை அவர் நினைவுக்கே காணிக்கையாக்கியதையும் அவர் அறியார்.

பிள்ளை மேதையாவான் என்று அத்தாய்க்கு யார் உறுதி சொன்னார்கள்? ஒரு கதவு மூடிற்று, இன்னொன்றைத் தட்டவில்லை என்பது மட்டுமே அவருக்குத் தெரியும். பலனைக் காண்பது நம் கையில் இல்லை. அடுத்த அடி வைப்பது நம் கையில் உண்டு. பெற்றோரே, நாளைக் காலையில் அந்த ஓர் அடியை வையுங்கள். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.