உச்சிக்குச் சில அடி முன்னால்

1955 மே 25. உலகின் மூன்றாவது உயர்ந்த சிகரமான கஞ்சன்ஜங்காவில், 8,586 மீட்டரில் மிச்சமிருந்தது சில அடி உயரப் பனிக்கூம்பு மட்டும். மலையேறிகள் ஜோ பிரவுனும் ஜார்ஜ் பேண்டும் அதில் கால் வைக்காமல் நின்றுவிட்டார்கள். மறுநாள் ஏறிவந்த நார்மன் ஹார்டியும் டோனி ஸ்ட்ரீதரும் அப்படியே திரும்பினார்கள். சிக்கிம் மக்களுக்கு அந்த மலை தெய்வம். உச்சியை மிதிப்பதில்லை என்று குழுத்தலைவர் சார்லஸ் எவன்ஸ் சிக்கிம் மன்னருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

கோடரியால் பனியை வெட்டி, ஆக்சிஜன் உருளையைச் சுமந்து மலை முழுவதும் ஏறிவிட்டு, கடைசி சில அடியை மட்டும் விட்டுவைப்பதில் என்ன மரியாதை? குதர்க்கம்போலத் தோன்றினாலும் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அங்கே காவல் யாரும் இல்லை. மிதித்துவிட்டு வந்து மிதிக்கவில்லை என்று சொல்லியிருந்தாலும் சிக்கிம் மன்னரால் கண்டுபிடித்திருக்க முடியாது. யாரும் பார்க்காத இடத்தில் காப்பாற்றப்பட்டதால்தான் அந்தச் சில அடிகளுக்கு மதிப்பு.

கால் படுவதைப் பற்றிய இந்தக் கூச்சம் தமிழுக்குப் புதிதல்ல. கயிலையைக் காலால் மிதிக்கத் துணியாத காரைக்கால் அம்மையார் தலையாலேயே நடந்து ஏறினார் என்கிறது பெரியபுராணம். அதே கயிலைக்குப் புறப்பட்ட அப்பரோ உடல் தேய்ந்து வழியில் விழுந்தார். ஒரு பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்தார், கயிலைக் காட்சி அங்கேயே கிடைத்தது. மலை ஏறாமலே!

கஞ்சன்ஜங்கா ஏறியவர்களும் அம்மையாரும் எல்லையைத் தங்கள் காலுக்குத்தான் போட்டுக்கொண்டார்கள். அடுத்தவர் காலுக்குப் போடும்போது கதை மாறுகிறது.

பொதிகையின் 1,868 மீட்டர் உயர அகத்தியர்கூடத்துக்குக் கேரள வனத்துறை பாஸ் கொடுத்து ஆட்களை அனுப்புகிறது. போனக்காட்டிலிருந்து அடர்காட்டின் வழியே நடந்து, அதிருமலை முகாமில் இரவு தங்கி, கடைசியில் கயிற்றைப் பிடித்துப் பாறை ஏறினால் உச்சியில் அகத்தியர் சிலை. அகத்தியரை வழிபடும் காணிப் பழங்குடியினர், பெண்கள் அங்கே போகக்கூடாது என்றார்கள். பல ஆண்டுகள் பாஸும் ஆண்களுக்கு மட்டுமே கிடைத்தது. 2018-இல் கேரள உயர்நீதிமன்றம் அந்தப் பாகுபாட்டை நீக்கியது. 2019 ஜனவரியில் பெண்கள் ஏறினார்கள். காணி மக்கள் எதிர்ப்பைத் தெரிவித்தார்கள், வழியை மறிக்கவில்லை.

தீர்ப்பு சரிதான். அகத்தியர்மேல் நம்பிக்கையே இல்லாத ஆண்கூட பாஸ் வாங்கிச் சிலைவரை போகலாம், பக்தியுள்ள பெண் போகக்கூடாது என்றால், அங்கே காக்கப்படுவது மலையின் புனிதம் அல்ல. ஆனாலும் காணிகளின் மனக்குறையை வெறும் பிற்போக்கு என்று தள்ளிவிட முடியாது. கஞ்சன்ஜங்காவில் ஏற வந்தவர்கள் அந்த மண்ணின் மக்களுக்கு வாக்குக் கொடுத்தார்கள். இங்கே பாஸ் வாங்கி வருகிறவர் யாரும் காணிகளுக்கு எந்த வாக்கும் கொடுப்பதில்லை. ஆணோ பெண்ணோ வெளியார் எவரும் உச்சியை மிதிக்க வேண்டாம் என்று அவர்கள் கேட்டிருந்தால், பாகுபாடு என்று சொல்லி அதைத் தள்ளியிருக்க முடியாது. பாஸ் கொடுக்கும் வனத்துறைதான் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.